வளைஞ்ச கார்டும் நாலாவது மாடிக் கதவும்

மணி ஒண்ணே கால். லைட் போடல. போர்வைக்குள்ள போன் வெளிச்சத்துல எழுதறேன். லைட் போட்டா கதவுக்கு அடியில கோடு மாதிரி வெளிய தெரியும். உள்ள ஆள் முழிச்சிருக்குன்னு வெளிய தெரியறது நல்லதா, ஆளே இல்லாத மாதிரி இருக்கறது நல்லதான்னு ஒரு மணி நேரமா எனக்குள்ள பட்டிமன்றம் நடக்குது. நடுவரும் நான்தான். தீர்ப்பு வரல.

யார்கிட்டயாவது சொல்லியாகணும். அதனால சொல்றேன்.

எனக்குப் பதினாறு வயசு. ஸ்கூல்ல கடைசி வருஷம். அப்பா லாரி ஓட்டறாரு. குளிர்பெட்டி வச்ச லாரி, மீனும் மருந்தும் ஏத்திட்டுப் போறது. கிளம்பினா எட்டு நாள், பத்து நாள். அம்மா நான் சின்னவளா இருக்கும்போதே போயிட்டாங்க. அதுக்கு இன்னைக்கு அழப் போறதில்ல. இன்னைக்கு அழறதுக்கு வேற விஷயம் இருக்கு.

அப்பா இல்லாத நாள்ல இந்த வீட்ல நான் மட்டும்தான். நாலாவது மாடி, ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. எதிர் வீடு ரொம்ப நாளாப் பூட்டிக் கிடக்கு. அத்தைக்கு, அதாவது அப்பாவோட அக்காவுக்கு, இது கொஞ்சம்கூடப் பிடிக்கல. "வயசுப் பொண்ணைத் தனியா விட்டுட்டு நீ ஊர் ஊராச் சுத்து. நல்லாருக்குடா உன் நியாயம்"னு அப்பாவை போன்ல காய்ச்சி எடுப்பாங்க. அவங்க வீடு இந்த ஊரோட அந்தக் கோடியில. அங்க போனா என் ஸ்கூலை விடணும். கடைசி வருஷத்துல ஸ்கூல் மாறணும். இந்த ஜன்னல், இந்த மேஜை, நான் மட்டும் இருக்கற இந்த அமைதி எல்லாம் போச்சு. அதனால "நான் இங்கயே இருக்கேம்ப்பா, ஒரு பிரச்சனையும் வராது"ன்னு நாய்க்குட்டி மாதிரி கெஞ்சினேன். அப்பா ஒத்துக்கிட்டாரு, ஆனா ஒரு நிபந்தனையோட.

அந்த நிபந்தனை எப்படி வந்துச்சுன்னு சொன்னாத்தான் மீதி புரியும்.

அப்பா மொதல் தடவை என்னை விட்டுட்டுப் போனப்ப எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. போன் பண்ணும்போதெல்லாம் "நல்லாருக்கேம்ப்பா"ன்னு சொன்னேன். மூணு நாள் சொன்னேன். நாலாவது நாள் போனை எடுக்கவே முடியல. அப்பா சரக்கைப் பாதியில இன்னொரு டிரைவர்கிட்ட ஒப்படைச்சுட்டு ஓடி வந்தாரு. வந்தா கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு. ஒரு மணி நேரம் தட்டியிருக்காரு. எனக்குக் கேக்கவே இல்ல. கடைசியில ஆசாரியைக் கூட்டிட்டு வந்து தாழ்ப்பாளைப் பேத்து எடுத்துத்தான் உள்ள வந்தாரு. ஆஸ்பத்திரி, ஊசி எல்லாம் முடிஞ்ச அப்புறம் அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பப் போடவே விடல. "இனிமே இந்தக் கதவுல உள்பக்கம் எதுவும் இருக்கக் கூடாது. நான் எப்ப வந்தாலும் சாவி போட்டுத் தொறக்கணும்"னாரு. சரக்கைப் பாதியில விட்டதுக்கு முதலாளிகிட்ட ஒரு எச்சரிக்கை வேற வாங்கினாரு.

அப்புறம் ஒரு வார்த்தை சொன்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். "உன் 'நல்லாருக்கேன்'ஐ இனிமே நான் நம்பறதா இல்லம்மா"ன்னாரு.

அதுக்குப் பதிலா கண்டுபிடிச்சதுதான் கார்டு. அப்பாவோட கணக்குல இன்னொரு கார்டு வாங்கி என் கையில குடுத்தாரு. அதை எங்க தேச்சாலும் அப்பா போனுக்கு பேங்க்ல இருந்து மெசேஜ் போகும். எந்தக் கடை, எத்தனை மணி, எவ்வளவு ரூபாய், எல்லாம் இருக்கும். ரூபாயை வச்சே நான் என்ன வாங்கினேன்னு அப்பா கண்டுபிடிச்சுடுவாரு. காலைல ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணி வாக்குல ஒரு தடவை, கீழ இருக்கற கடையில நான் ஏதாவது வாங்கணும். பால், பென்சில், சோப்பு, எதுவா இருந்தாலும் சரி. மெசேஜ் போயிட்டா நான் எழுந்து, நாலு மாடி இறங்கி, நடமாடறேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். அப்பா அதுக்கு வச்ச பேரு ஆஜர். கிளாஸ்ல பேர் கூப்பிட்டா சொல்ற மாதிரி. அடுத்தடுத்து ரெண்டு ஆஜர் விட்டுப் போச்சுன்னா அத்தைக்கு போன் போகும். அத்தை வருவாங்க, பெட்டியைக் கட்டுவாங்க, கதை முடிஞ்சுது. இதுதான் நிபந்தனை.

ஒரு தடவை அப்பா போனை எடுத்துப் பாத்தேன். பேங்க் மெசேஜ் ஒண்ணையும் அழிக்கல. எல்லாம் நான் வாங்கின பாலும் பிரெட்டும். வழியில டீ குடிக்கற எடத்துல மத்த டிரைவருங்க, "என்ன மாமா, இன்னைக்கு உங்க பொண்ணு என்ன வாங்குச்சு?"ன்னு கிண்டல் பண்ணுவாங்களாம். "தீப்பெட்டி"ன்னு பெருமையா சொல்வாராம்.

கீழ் கடைக்காரருக்குத்தான் கடுப்பு. "ஏம்மா, ஒரு தீப்பெட்டிக்குக் கார்டா? மெஷினே சிரிக்குது"ம்பாரு. தினமும் அரை லிட்டர் பால் வாங்கறதால என் பேரே அவருக்கு அரை லிட்டர்தான்.

சரி, நேத்துக்கு வர்றேன்.

நேத்து சாயங்காலம் கடைக்குக் கிளம்பி, கார்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, போற வழியில குப்பைக் கவரை மாடிப்படி ஓரமா இருக்கற டப்பாவுல போடலாம்னு வெளிய வந்தேன். ரெண்டு அடிதான் வச்சிருப்பேன். காத்து. டொப்புன்னு கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள ஆணியில தொங்குது. போன் உள்ள சார்ஜ்ல இருக்கு. எங்க கதவு சாத்தினா தானாப் பூட்டிக்கும். பூட்டுல சரிவா ஒரு நாக்கு இருக்கும், அது போய் சட்டத்துல இருக்கற குழிக்குள்ள உக்காந்துக்கும்.

பூட்டுக்காரரைக் கூப்பிடணும்னா போன் வேணும். போன் கேக்க யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் "அப்பா எங்கம்மா?"ன்னு ஆரம்பிப்பாங்க. அது எப்படியும் அத்தை காது வரைக்கும் போயிடும். கையில இருந்தது ஒரு குப்பைக் கவர், ஒரு கார்டு. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரு இடுக்கு இருக்கறதைப் பாத்தேன். கார்டை உள்ள விட்டேன். மூணு தடவை ஒண்ணும் நடக்கல. நாலாவது தடவை கார்டை நல்லா வளைச்சு நாக்கு மேல அழுத்திக்கிட்டே தோளால கதவை ஒரு முட்டு முட்டினேன். டிக். கதவு திறந்துக்கிச்சு.

என்ன ஒரு சந்தோஷம் தெரியுமா! ஹால் நடுவுல நின்னு ஒரு ஆட்டமே ஆடினேன். பாக்கறதுக்கு ஆள் இல்லாத வீட்ல ஆடறதுக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கு, அது. ஆடி முடிச்சுட்டுத்தான் கையைப் பாத்தேன். கார்டு படகு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. ஒரு மூலையில வெள்ளையா ஒரு கோடு. நல்ல வேளை, சிப் இருக்கற பக்கம் தப்பிச்சுது.

அதே கார்டை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பார்வை பாத்தாரு.

"என்ன அரை லிட்டர், கார்டு மேல உக்காந்துட்டியா?"

"சும்மா சொருகிப் பாருங்கண்ணே."

சொருகினாரு. பாதி போய் முட்டிக்கிச்சு. அவர் மெஷின் பழசு, சொருகினாத்தான் எடுக்கும், மேல காட்டினா எல்லாம் எடுக்காது. திருப்பிப் போட்டாரு, தட்டினாரு, ஊதினாரு.

"இதுக்கு மேல தள்ளினா மெஷின் உசுரை விட்டுடும். நீ பிரெட்டை எடுத்துட்டுப் போ. நாளைக்குக் குடு."

"வேண்டாண்ணே."

"அட, கடன்தானே, அப்பா வந்து குடுக்கட்டும்."

"இல்லண்ணே, கையில காசு இருக்கு."

"காசு இருக்கா? அப்ப குடுத்துட்டு வாங்கிட்டுப் போயேன்! என்ன பொண்ணு நீ?"

அவர்கிட்ட எப்படிச் சொல்றது? காசு குடுத்தா பிரெட் வரும், மெசேஜ் போகாது. எனக்கு பிரெட்டா முக்கியம்? வெறும் கையோட படியேறி வந்தேன்.

அப்பா வண்டி மலைப்பாதையில போயிட்டிருந்துச்சு. அங்க சிக்னல் வரும், போகும். ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் வந்துச்சு. "சாயங்கால ஆஜர் வரல."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கார்டு வளைஞ்சு போச்சுப்பான்னு. "எப்படி வளைஞ்சுது?"ன்னு கேப்பாரு. சொன்னா, ஒரு கார்டை விட்டா நம்ம வீட்டுக் கதவு திறந்துக்கும்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் ஒரு ராத்திரிகூட என்னைத் தனியா விட மாட்டாரு. புதுக் கார்டு வேணும்னாலும் அப்பாவே பேங்குக்கு வரணும். அதனால, "பால் மிச்சம் இருக்குப்பா, எதுவும் வாங்கல. காலைல வரும்"னு போட்டேன்.

"சரி"ன்னு வந்துச்சு. அப்பாவோட சரியில மூணு வகை உண்டு. நிஜமான சரி, தூக்கக் கலக்கத்துல சொல்ற சரி, நம்பாத சரி. எழுத்துல பாத்தா மூணும் ஒரே மாதிரிதான் இருக்கு.

காலைல ஏழு மணிக்குள்ள கார்டை நிமித்தியாகணும்.

மொதல்ல கையால எதிர்ப்பக்கமா வளைச்சேன். அந்த வெள்ளைக் கோடு கொஞ்சம் நீளமாச்சு. பயந்து போய் விட்டுட்டேன். அப்புறம் பிசிக்ஸ் புத்தகத்துக்குள்ள வச்சு, மேல மத்த புத்தகமெல்லாம் அடுக்கி, அதுக்கு மேல நானே ஏறி அரை மணி நேரம் உக்காந்தேன். எடுத்தா அப்படியே பழைய படகு. படிப்பால என் வாழ்க்கையில ஒரு பிரயோஜனமும் இல்லன்னு அப்ப தெரிஞ்சுது. அப்புறம் அயர்ன் பாக்ஸ். மேல டவல் போட்டு, சூட்டைக் குறைச்சு வச்சு, லேசா ஒத்தினேன். பிளாஸ்டிக் வாடை வந்துச்சு. கடைசி நம்பர் கொஞ்சம் அமுங்கிப் போச்சு. சிப் உருகிடுமோன்னு அயர்ன் பாக்ஸைத் தூக்கி ஓரமா வச்சேன்.

போன்ல தேடினேன். ஒருத்தர் வெந்நீர்னு போட்டிருந்தாரு. கொதிக்கற தண்ணி ஆகாது, விரலை வச்சா சட்டுன்னு எடுக்கற சூடு போதும்னு. ஒரு அகலத் தட்டுல தண்ணி ஊத்தி, கிடுக்கியால கார்டைப் பிடிச்சு உள்ள இறக்கினேன். ஒரு ரெண்டு நிமிஷத்துல அது தளர்ந்து போச்சு. எடுத்து, துடைச்சு, பாத்ரூம் வேலை பாத்தப்ப மிச்சமான ரெண்டு டைல்ஸுக்கு நடுவுல வழவழப்பான பக்கமா வச்சு அமுக்கினேன். ஒரு நிமிஷம் கழிச்சுத் தூக்கிப் பாத்தேன். நேரா இருந்துச்சு! அப்படியே நேரா! மேஜையில வச்சு ரசிச்சுட்டிருக்கும்போதே, தூக்கத்துல ஒரு ஆள் மெதுவாத் திரும்பிப் படுக்கற மாதிரி, மறுபடி வளைஞ்சுக்கிச்சு. என் கண்ணு முன்னாடியே.

அவசரப்பட்டுட்டேன். அது முழுசா ஆறுற வரைக்கும் எடுக்கக் கூடாதாம், மேல நல்ல கனமும் வேணுமாம். வீட்ல கனமான சாமான்னு இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அப்பாவோட ஸ்பேனர் பெட்டி. பாத்தா அது கதவுகிட்ட இருக்கு.

ஏன் அங்க இருக்கு? நான்தான் பத்து மணிக்கு இழுத்துட்டுப் போய் வச்சிருந்தேன். ஏன் வச்சேன்னு எனக்கே அப்பதான் உறைச்சுது. ஆடின ஆட்டமெல்லாம் அடங்கினப்புறம் மனசுக்குள்ள எங்கயோ ஓடிட்டிருந்திருக்கு. எனக்குப் பூட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நானே நாலு தடவைல திறந்துட்டேன். தெரிஞ்சவனுக்கு எத்தனை தடவை ஆகும்?

இந்தப் பெட்டி ஒண்ணு கதவுக்கு இருக்கணும், இல்ல கார்டுக்கு இருக்கணும். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, கார்டைத் திரும்ப வெந்நீர்ல போட்டு எடுத்து, ரெண்டு டைல்ஸையும் கதவுகிட்டயே கொண்டு போய் தரையில வச்சு, நடுவுல கார்டைப் படுக்க வச்சு, பெட்டியை அதுக்கு மேல ஏத்தி, கதவோட ஒட்டித் தள்ளினேன். ரெண்டு வேலையும் ஆச்சு. பக்கத்துலயே சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேன். கார்டு ஆறுற வரைக்கும், விடியற வரைக்கும். மேல யாரோ நாற்காலி நகத்தற சத்தம். எங்கயோ தண்ணிக் குழாய் சொட்டற சத்தம். தெருவுல ஒரு வண்டி நின்னுட்டு, ரொம்ப நேரம் கழிச்சுக் கிளம்பின சத்தம். ஒவ்வொண்ணும் என்னன்னு கேக்கக்கூட ஆள் இல்ல. "அது பூனைடி"ன்னு சொல்ல ஒருத்தர் இருந்தா போதும், அது பூனையாயிடும்.

காலைல ஆறே முக்காலுக்குப் பெட்டியை நகத்தினேன். கார்டு ஆறிப்போய், ஜில்லுன்னு, தட்டையா இருந்துச்சு. ஒரு மூலை மட்டும் ஒரு நூல் தூக்கலா இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் பாத்துக்கிட்டே நின்னேன். திரும்பிப் படுக்கல.

கடையில நல்ல கூட்டம். "என்ன அரை லிட்டர், நேத்து மயங்கிப் போன கார்டு எழுந்துருச்சா?"ன்னாரு கடைக்காரர். மொதல் தடவை சொருகினாரு, பிழைன்னு வந்துச்சு. கார்டைச் சட்டையில துடைச்சு மறுபடி சொருகினாரு. அதேதான். மூணாவது தடவை அந்தத் தூக்கின மூலையைக் கட்டை விரலால அமுக்கிக்கிட்டு மெதுவா உள்ள விட்டாரு. பீப். பேப்பர் சுருண்டு வெளிய வந்துச்சு. இதைவிட நல்ல பாட்டு நான் கேட்டதே இல்ல.

"அட! நிமித்திட்டியே! எப்படிம்மா?"

"வெந்நீர்ல போட்டு எடுத்தேண்ணே."

"ஆமா, அது எப்படி வளைஞ்சுது மொதல்ல?"

அங்கதான் நான் தப்பு பண்ணினேன். ராத்திரி முழுக்க வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன் இல்லையா, ஒரு மனுஷன் ஒரு கேள்வி கேட்டதும் மடை திறந்த மாதிரி கொட்டிட்டேன். கதவு சாத்திக்கிச்சு, சாவி உள்ள, கார்டை இடுக்குல விட்டேன், தோளால ஒரு முட்டு, டிக்குன்னு திறந்துச்சு. கையால நடிச்சே காட்டினேன். நாலு பேர் சிரிச்சாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

கடைக்காரரும் சேந்துக்கிட்டாரு. "சும்மாவா? நாலாவது மாடி லாரிக்காரர் பொண்ணு. அவர் பத்து நாள் பதினஞ்சு நாள் வர்றதில்ல. தனியா இருந்தே படிக்குது, சமைக்குது, கெட்டிக்காரி!"

பின்னாடி நின்ன ஒரு ஆளு, இந்தப் பக்கம் பாத்ததே இல்ல, சிகரெட் வாங்க வந்தவரு, "அவ்வளவு லேசாவா திறந்துச்சு?"ன்னு கேட்டாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. நானும் சிரிச்சுக்கிட்டே "ஆமா அங்கிள்"னேன்.

ரெண்டாவது மாடி ஏறும்போதுதான் கால் நின்னுச்சு. நான் என்ன சொன்னேன், கடைக்காரர் என்ன சொன்னாரு, ரெண்டையும் சேத்துப் பாத்தேன். எந்த மாடி, யாரு இருக்கா, யாரு இல்ல, கதவை எப்படித் திறக்கணும். எல்லாத்தையும் ஒரு பால் பாக்கெட் வாங்கற நேரத்துல சொல்லி முடிச்சாச்சு.

அப்ப போன்ல மெசேஜ் வந்துச்சு. அப்பா. "ஆஜர். பால்!" பக்கத்துல ஒரு சிரிப்பு பொம்மை. அப்பா பொம்மை போடறதே அபூர்வம். நான் ஜெயிச்சுட்டேன். அத்தை வர மாட்டாங்க. ஸ்கூல் மாற வேண்டாம். படியில உக்காந்து அழுதேன்.

ஸ்கூல்ல யார்கிட்டயாவது சொல்லலாமான்னு பாத்தேன். பக்கத்து பெஞ்சுக்காரிகிட்ட, "உங்க வீட்டுக் கதவு எப்படிப் பூட்டு?"ன்னு ஆரம்பிச்சேன். "ஏண்டி, திருட வர்றியா?"ன்னா. அதோட விட்டுட்டேன். சாயங்காலம் ஒரு அழிரப்பர் வாங்கினேன். கார்டு மொதல் தடவையே எடுத்துச்சு. அப்பாகிட்ட இருந்து "ஆஜர்"னு வந்துச்சு. எல்லாம் சரியாயிடுச்சு. அதுதான் பயமா இருந்துச்சு. மலையில எங்கயோ ஒரு லாரிக்குள்ள அப்பா நிம்மதியா இருக்காரு. நான் இங்க ஸ்பேனர் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். போன தடவையாவது காய்ச்சல் கண்ணை மறைச்சுது. இந்தத் தடவை எல்லாம் தெரிஞ்சே அவரை ஏமாத்தறேன்.

பதினொண்ணே முக்காலுக்கு மாடிப்படில யாரோ ஏறி வந்தாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணாவது மாடி தாண்டிச்சு. எங்க தளத்துல நின்னுச்சு. மூச்சு வாங்கற சத்தம் கேட்டுச்சு. நான் வாயைப் பொத்திக்கிட்டேன். நூறு வரைக்கும் எண்ணியிருப்பேன். அப்புறம் மெதுவா மேல ஏறிப் போச்சு. அஞ்சாவது மாடில வயசான ஒருத்தர் இருக்காரு, அவரா இருக்கும். அவராத்தான் இருக்கும். ஆனா அவர் நின்னு மூச்சு வாங்கறதை நான் இதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. முன்னாடியெல்லாம் நான் தூங்கிட்டிருப்பேன்.

பன்னெண்டரைக்கு அப்பாவுக்கு எழுதினேன். எல்லாத்தையும். குப்பைக் கவர்ல இருந்து சிகரெட் ஆள் வரைக்கும். கடைசியில "பயமா இருக்குப்பா"ன்னு போட்டேன். அனுப்பினா அத்தை வீடுதான்னு தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினேன்.

ஒத்தை டிக்தான் விழுந்துச்சு. மலையில சிக்னல் இல்ல. போய்ச் சேராத வரைக்கும் இதை அழிச்சுடலாம். அழிச்சுட்டா நாளைக்கும் பால், ஆஜர், சிரிப்பு பொம்மை. விரல் ரெண்டு தடவை அதுமேல போயிட்டு வந்துச்சு. அதான் கைக்கு ஒரு வேலை குடுக்கலாம்னு இதை எழுத ஆரம்பிச்சேன்.

இப்ப மணி ரெண்டு பத்து. எழுதிட்டிருக்கும்போதே ரெண்டாவது டிக் விழுந்துச்சு. நீலமாச்சு. டைப் பண்றார்னு வந்துச்சு. நின்னுச்சு. மறுபடி வந்துச்சு. மறுபடி நின்னுச்சு.

"கட்டிலை இழுத்துக் கதவோட ஒட்டிப் போடு. நீளவாக்குல. அதுல படு."

இழுத்தேன். இரும்புக் கட்டில் தரையில கிறீச்சுன்னு ஊரைக் கூட்டுச்சு. கீழ் வீட்டுக்காரர் கம்பால மேல இடிச்சாரு. பாதி ராத்திரியில அவர் கோவப்பட்டது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. கீழ ஒருத்தர் முழிச்சிருக்காரு.

"போட்டுட்டேம்ப்பா."

"போட்டோ அனுப்பு."

அனுப்பினேன். இருட்டுல ஒண்ணும் தெரியல. லைட்டைப் போட்டு மறுபடி எடுத்து அனுப்பினேன்.

"கால் பக்கம் இன்னும் ஒரு சாண் தள்ளு. ம். வண்டியை ஓரம் கட்டிட்டேன். இதைத் தாண்டினா சிக்னல் இருக்காது. விடியற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

"சரக்கு லேட்டாயிடுமேப்பா."

"ஆகட்டும். அதுக்கு ஐஸ் இருக்கு."

நானேதான் கேட்டேன். "அத்தை வீட்டுக்கா?"

டைப் பண்றாரு, நிறுத்தறாரு. லாரிக்குள்ள அந்தப் பெரிய விரலை வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாத் தேடறது எனக்குத் தெரியுது.

"காலைல அத்தைக்குப் பேசறேன். கோவம் இல்ல. நீ சொன்னதுக்கு அப்புறம் என்னால முடியாதும்மா."

"சரிப்பா"ன்னு போட்டேன். எந்த வகைச் சரின்னு எனக்கே தெரியல.

ஸ்கூல்ல பேரை வெட்டிட்டு வரணும். மேஜையை எடுத்துட்டுப் போக முடியாது, அங்க எடம் இல்ல. அத்தைக்கு மூணு பசங்க. எல்லாரும் ஒரே ரூம்ல வரிசையாத் தரையில பாய் போட்டுப் படுப்பாங்க. போன லீவுக்குப் போனப்ப நானும் ஓரத்துல படுத்தேன். பெரியவன் பல்லை நறநறன்னு கடிப்பான், சின்னது தூக்கத்துல உளறும், நடுவுல உள்ளவ காலைத் தூக்கி என் மேல போடுவா. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. விடியற வரைக்கும் மேல ஓடற மின்விசிறியைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். அன்னைக்கு எனக்குத் தூக்கம்தான் வரல. பயம்னு ஒண்ணு இருந்த ஞாபகமே இல்ல.